காகிதக் கப்பலும் வெள்ளை அடுப்பும்

1893 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர் நோர்மன் பெல் கெடிஸ். நாடக மேடைகளை அமைப்பதில் புகழ் பெற்றிருந்த இவர், 1927 இல் பாவனைப் பொருட்களை வடிவமைக்கும் துறைக்கு வந்தார்.

1929 இல் ஒன்பது தளங்களில் 451 பயணிகள் செல்லக்கூடிய ஒரு விமானத்தை வரைந்தார். அதில் உணவு மண்டபமும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தன. அலைகளை இலகுவாகக் கிழித்துச் செல்லும் வழுவழுப்பான பயணிகள் கப்பலொன்றையும் வரைந்தார். 1932 இல் வெளியான 'ஹொரைசன்ஸ்' என்ற தமது நூலில் இவற்றை உலகுக்குக் காட்டினார். ஆனால் விமானம் பறக்கவில்லை, கப்பல் மிதக்கவுமில்லை.

அதே கை வரைந்த எரிவாயு அடுப்போ வீடுகளுக்குள் வந்தது. அக்கால அடுப்புகள் உயர்ந்த கால்களில் நின்றன. அடியிலும் இடுக்குகளிலும் அழுக்குச் சேர்ந்தது. கெடிஸ் அடுப்பை நிலம் வரை வெள்ளை எனாமல் தகடுகளால் மூடி, மூலைகளை வளைவாக்கினார். துடைப்பது இலகுவாயிற்று.

1939 நியூயோர்க் உலகக் கண்காட்சியில், 1960 இல் அமெரிக்கா எப்படியிருக்கும் என்பதை மாபெரும் மாதிரியுருவாக அமைத்தார். அந்த ஆண்டைக் காணாமலே 1958 இல் காலமானார்.

வானளாவிய கனவு காண்பது தவறல்ல. அக்கனவில் ஒரு பங்கு, சமையலறையில் நிற்கும் தாயின் சிரமத்தையும் குறைக்குமானால், அதுவே நிலைத்த பெருமை.