பிறப்பையே குற்றமாக்கிய சட்டமும் ஜார்ஜ் ஜோசப்பும்

1887இல் செங்கன்னூரில் பிறந்து, இலண்டனில் சட்டம் பயின்ற ஜார்ஜ் ஜோசப், மதுரையில் வழக்கறிஞரானார். குறவர், கள்ளர் முதலிய சமூகத்தினரைக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிய காலம் அது. கைரேகை பதிக்கப்பட்டவர் அனுமதிச் சீட்டின்றி வெளியூருக்குக் கூலிவேலைக்குச் செல்ல இயலாது. இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். திருடன் என முத்திரை குத்திய சட்டமே, திருடாமல் பிழைக்கும் வழிகளையும் அடைத்தது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாதிக்கப்பட்டோருக்காக ஜோசப் வழக்காடினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்றழைத்தனர். தீண்டாமைக்கு எதிரான வைக்கம் போராட்டத்தில் 1924இல் சிறை சென்ற அவர், 1938இல் மறைந்தார்.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் ஒழிந்தது. மறு ஆண்டே வந்த வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தின் பெயரில் கண்காணிப்பு தொடர்ந்தது.