மந்திரக் குண்டு தேடிய மனிதர்

டாக்டர் மருந்து கொடுக்கிறார். அது உடம்பு முழுவதும் பரவுகிறது. நோயுள்ள இடத்துக்கும் போகிறது. நோயில்லாத இடத்துக்கும் போகிறது. நோயை மட்டும் தேடிப்போய்த் தாக்கும் மருந்து இருந்தால் எவ்வளவு நல்லது!

அப்படி ஒரு மருந்தைக் கனவு கண்டவர் பால் எர்லிச் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. அதற்கு அவர் வைத்த பெயர் "மந்திரக் குண்டு". அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. புற்றுநோய் மருத்துவத்தில் அவருடைய கனவு இப்போது பலித்து வருகிறது.

சாயத்தில் பிறந்த ஆசை

எர்லிச் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யாவைச் சேர்ந்த ஊர். இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

கார்ல் வைகர்ட் என்ற டாக்டர் அவருக்குத் தாய்வழி உறவினர். உடம்பின் சதையில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வைகர்ட்டின் வேலை. அந்த ஆசை எர்லிச்சையும் பற்றிக்கொண்டது. மருத்துவம் படிக்கும்போது அவருடைய மேஜை முழுவதும் சாயக்கறைதான்.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒரு சாயம் ஒரு வகைச் செல்லில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துச் செல்லில் ஒட்டாது. எர்லிச் இதைக் கவனித்தார். சாயம் இடம் பார்த்து ஒட்டுகிறது என்றால், மருந்தும் அப்படி ஒட்டாதா என்று யோசித்தார். அவருடைய வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்தது.

1878-ல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். 1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தக் கிருமிக்குச் சாயம் ஏற்ற இன்னும் நல்ல முறையை எர்லிச் கண்டுபிடித்தார். பிறகு அவரையே காசநோய் பிடித்தது. 1888-ல் எகிப்துக்குப் போய்த் தங்கி, உடல் தேறித் திரும்பினார்.

செல்லின் கைகள்

1897-ல் எர்லிச் ஒரு புதிய கருத்தைச் சொன்னார். ஒவ்வொரு செல்லின் மேலும் சிறு கைகள் போன்ற உறுப்புகள் இருக்கின்றன. தனக்கு வேண்டியதைச் செல் அந்தக் கைகளால் பிடித்துக்கொள்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒரு கை ஒரு பொருளை மட்டுமே பிடிக்கும். பின்னர் இந்தக் கைகளுக்கு "ரிசெப்டர்" என்ற பெயர் வந்தது. எர்லிச் சொன்ன விவரங்களில் சில பிற்காலத்தில் மாறின. ஆனால் செல்லுக்குக் கை உண்டு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜப்பானிலிருந்து வந்த ஹாட்டா என்ற டாக்டர் அவரிடம் வேலை செய்தார். முன்பே செய்து ஒதுக்கி வைத்திருந்த 606-ம் எண் மருந்தை ஹாட்டா மறுபடியும் சோதித்தார். அது மேகநோய்க் கிருமியைக் கொன்றது! 1910-ல் "சல்வர்சான்" என்ற பெயரில் மருந்து விற்பனைக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர்.

எட்டாத கனி

புற்றுநோய் மட்டும் எர்லிச்சுக்கு வசப்படவில்லை. பிராங்க்பர்ட் நகரில் பல ஆண்டுகள் எலிகளை வைத்து ஆராய்ந்தார். நோயைப் பற்றிப் பல உண்மைகள் தெரிந்தன, மருந்து கிடைக்கவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1915-ம் ஆண்டு ஆகஸ்ட் 20-ந் தேதி, 61-வது வயதில் காலமானார்.

பின்னர் ஹிட்லர் ஆட்சி வந்தது. யூதர் என்பதற்காக, தெருவுக்கு வைத்திருந்த அவருடைய பெயரைக்கூட எடுத்துவிட்டார்கள். அவருடைய மனைவி ஹெட்விக் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

கனவு பலித்தது

தெருப் பெயரை அழித்தவர்களால் அவருடைய கருத்தை அழிக்க முடியவில்லை. 1962-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி, செல்லை வளரச் சொல்லும் ஒரு பொருளைப் பற்றி எழுதினார். அந்தப் பொருளைப் பிடிப்பதற்கும் செல்லின் மேல் ஒரு கை இருந்தது. எர்லிச் சொன்ன அதே கைதான்!

வளர்ச்சிப் பொருள் வந்து தொட்டதும், அந்தக் கை செல்லுக்கு "வளர்" என்று கட்டளை கொடுக்கிறது. கட்டளை முடிய வேண்டாமா? அதற்கும் ஏற்பாடு உண்டு. செல் அந்தக் கையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சி.பி.எல். என்ற புரதம் அதன்மேல் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டுகிறது. சீட்டு ஒட்டிய கை லைசோசோம் என்ற பைக்குள் போய்ச் சிதைந்துவிடுகிறது. கட்டளையும் நின்றுவிடுகிறது.

சீட்டு ஒட்டும் வேலை கெட்டுப்போனால் என்ன ஆகும்? கை அழியாது. "வளர், வளர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செல் கட்டுக்கு அடங்காமல் பெருகும். புற்றுநோய் தோன்றும் வழிகளில் இதுவும் ஒன்று. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் நூற்றுக்கு 15 முதல் 20 வரை, ஹெர்-2 என்ற கை அளவுக்கு மீறி இருக்கிறது. இந்தக் கை எளிதில் உள்ளே போய் அழிவதில்லை.

அந்தக் கையையே குறி வைக்கும் டிரஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2013-ல் அந்த மருந்தோடு விஷம் ஒன்றையும் சேர்த்துக் கட்டிய புது மருந்து வந்தது. அது ஹெர்-2 கையைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் போகிறது. லைசோசோம் அதைச் சிதைக்கிறது. அப்போது விஷம் வெளிப்பட்டுப் புற்றுச் செல்லைக் கொல்கிறது. இதனால் எல்லோருக்கும் நோய் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. பக்க விளைவுகளும் உண்டு. ஆனால் பல பெண்களுக்கு ஆயுள் நீண்டிருக்கிறது.

நோயை மட்டும் தேடிப்போகும் மந்திரக் குண்டைத்தானே எர்லிச் கேட்டார்? அவர் நட்ட மரம் காய்க்க நெடுங்காலம் ஆயிற்று. இன்று அதன் நிழலில் எத்தனையோ குடும்பங்கள் இளைப்பாறுகின்றன.