அக்கினித் தபாற்காரர் ஸ்டீவன் ஸ்மித்

தீபாவளியன்றிரவு, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை அடுத்த நூம்பலில் மொட்டைமாடி மேல் நின்று நோக்குவோமாயின், ஆகாசவாணங்கள் நாற்புறமும் சீறியெழுந்து, பொன்னிறத் தழலை வாலாக இழுத்துச் சென்று, கண்ணிமைக்கும் நேரத்தில் அவிந்துபோதலைக் காண்போம். சிறுவர் கைகொட்டுவர், பெரியோர் செலவை நினைந்து பெருமூச்செறிவர். அவ்வாணம் தன் தலைமேல் எதைச் சுமந்து செல்லக்கூடும் என்று எண்ணுவோர் அரியர். அவ்வாறு எண்ணியதோடு அமையாது, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே ஈந்த ஒருவர் நம் பாரத நாட்டில் இருந்தனர். அவரே ஸ்டீவன் ஹெக்டர் டெய்லர் ஸ்மித் என்பார்.

ஸ்மித் 1891-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அந்நாளில் அஸ்ஸாமைச் சேர்ந்திருந்த மலைநகராகிய ஷில்லாங்கில் பிறந்தார். வங்காளத்து அஸன்ஸால் நகரிலிருந்த அர்ச் பாட்ரிக் பள்ளியிற் கல்வி பயின்றார். அங்குப் பயிலுங்காலத்திலேயே தோழருடன் கூடி, வாணங்களிற் பல்லிகளை ஏற்றி நீச்சற்குளத்தின் மேலாக விட்டு விளையாடினார் என்பர். குறும்பேயாயினும், பிற்காலத்துப் பெருமுயற்சியின் வித்து அதனுள் இருந்தது. 1911-ஆம் ஆண்டில் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆகாய விமானத்திற் கடிதங்கள் கொண்டுசெல்லப்பட்டன. உலகில் முதன்முதல் அரசாங்க அனுமதியுடன் நிகழ்ந்த விமானத் தபால் அதுவே. ஸ்மித் அக்காலத்து இளைஞர். வளர்ந்தபின் கல்கத்தாவிற் பல் வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டார். விமானத் தபாலில் ஆர்வமுடையோர் கூடிய சங்கத்திற்குக் காரியதரிசியாகவும் விளங்கினார்.

இனி, வாணத்தின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். அதன் உடல் ஒரு குழல். வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த மருந்து அதனுள் இறுக இடிக்கப்பட்டிருக்கும், அடிவாய் குறுகியிருக்கும். பெருவாணங்களில் மருந்தின் நடுவே நெடுந்துளையொன்று விடுவர். அத்துளையின் சுவர் முழுதும் ஒருங்கே எரிதலால் வாயு மிகுதியாகப் பிறந்து, குறுகிய வாய் வழியே பின்னோக்கிப் பாய, குழல் முன்னோக்கி எழுகின்றது. வாலிலே தோன்றும் தழல் ஒரே சீராக நின்றால் உள்ளே எரிவதும் சீரே. மருந்திற் சிறு பிளவு இருப்பினும், எரியும் பரப்புத் திடீரெனப் பெருகிவிடும். வாயு வெளியேறப் போதிய வழியின்றிக் குழலே வெடித்துச் சிதறும். ஸ்மித்தை வாழ்நாள் முழுதும் வருத்திய பகை இதுவே.

இத்தழல் நம் நாட்டிற்குப் புதியதன்று. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக்குழல் வாணங்களைப் போர்க்கருவியாக ஆண்டனர். 1780-ஆம் ஆண்டு செப்டம்பரில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி, அவர்தம் படை பேரழிவுற்றது. அதற்கு மைசூர் வாணங்களே காரணமெனப் பலர் கூறுவர். பிறகு ஆங்கில நாட்டுக் காங்கிரீவ் அவ்வாணங்களை ஆராய்ந்து தம் நாட்டுப் படைக்கு வேறு வாணங்கள் சமைத்தார். இவ்வாறு கொலைத்தொழிலிற் பழகிய தீயை, மக்களுக்குத் தொண்டு செய்யுமாறு திருப்பலாகுமா? ஸ்மித் தம்முன் வைத்துக்கொண்ட வினா இதுவே.

1931-இல் ஆஸ்திரியா தேசத்து ஷ்மீடல் என்பார் மலைச்சரிவில் வாணத்தின் வழியே கடிதம் அனுப்பினார். அதன்பின் ஸ்மித்தும் அத்துறையில் இறங்கினார். கல்கத்தாவின் வாணவேடிக்கைக் கம்பெனியொன்று அவருக்கு வாணங்கள் செய்து கொடுத்தது. 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், கங்கை கடலொடு கலக்குமிடத்துள்ள சாகர் தீவை நோக்கிக் கப்பலொன்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களுடன் முதல் வாணத்தை விடுத்தார். அதுவோ நடுவானில் வெடித்துக் கடிதங்களைச் சிதறடித்தது! பிறராயின் அன்றே கைவிட்டிருப்பர். ஸ்மித்தோ சிதறியவற்றுள் அகப்பட்டவற்றைத் திரட்டிக்கொண்டு, அடுத்த வாணத்திற்கு ஆயத்தமானார்.

மறு ஆண்டு அவருக்கு நல்லாண்டாயிற்று. சிக்கிம் நாட்டு மன்னர் தாஷி நம்கியால் அவரை ஆதரித்தனர். மழைக்காலத்தில் மலை சரிந்து பாதை அடைபடுவதும், ஆறு பெருகி ஊர்கள் தனித்துப்போவதும் அந்நாட்டில் இயல்பு. 1935 ஏப்ரலில் காங்டாக் முதலிய இடங்களில் வாணங்கள் எழுந்தன. கடிதங்களேயன்றிச் சிறு பொட்டலங்களும் ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்தன. அவ்வாண்டு மே மாத இறுதியில் குவெட்டா நகரம் பூகம்பத்தால் இடிந்து, பல்லாயிரவர் மாண்டனர். துயருற்றோர்க்கு உணவும் மருந்தும் வாணத்தால் அனுப்பலாகும் என்பதைக் காட்ட ஸ்மித் விரைந்தார். தானியமும் பிற பொருள்களும் அடங்கிய பொட்டலங்களை ஆற்றுக்கு அப்பாற் செலுத்தினார். ஜூன் 29-ஆம் நாளன்று தாமோதர நதிக்கு மேலாக ஒரு சேவலையும் ஒரு பெட்டைக் கோழியையும் அனுப்பினார். ஆதாம், ஏவாள் என்று பெயர் பெற்ற அவ்விரண்டும் உயிருடன் இறங்கின என்பது அன்றைய பெருவியப்பு.

1934 முதல் 1944 வரை பத்தாண்டுகளில் ஸ்மித் ஏறத்தாழ 270 வாணங்களை விடுத்தார். அவற்றுட் குறைந்தது 80 தபால் சுமந்தவை. அவற்றுள் வெடித்தனவும் திசைமாறியனவும் உண்டு. அவர் கருதிய வாணத் தபால் நிலையான ஏற்பாடாக அமையவில்லை; விமானமே அவ்வேலையை மேற்கொண்டது. 1951 பிப்ரவரியில் அவர் காலஞ்சென்றார். 12 ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு விண்ணிலெழுந்தது. அதைக் காண அவர் இல்லை. 1992-இல் அரசாங்கம் அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

இன்று அமெரிக்கா முதலிய நாடுகளில் பெரு ராக்கெட்டுகளைப் பொழுதுபோக்காகவே விடுவோர் பலர். வெடியுப்புக்கு மாறாக அம்மோனியம் பெர்குளோரேட்டையும் ரப்பர் போன்ற பிசினையும் கலந்து மருந்து செய்வர். ஸ்ட்ரான்ஷியம் சேரின் செந்தழலும், பேரியம் சேரின் பசுந்தழலும், அலுமினியம் மிகின் கண் கூசும் வெண்தழலும் தோன்றும். அவர்தம் இயந்திரங்கள் ஆங்கில எழுத்து வரிசையால் தரம் பிரிக்கப்படும். ஓரெழுத்து ஏற ஏற வலிமையின் வரம்பு இரட்டிக்கும். எட்டாம் எழுத்து முதலாகத் தேர்ச்சிச் சான்று பெறாதார் அவற்றைத் தொடலாகாது. வெடித்துச் சிதறிய பலர் அனுபவமே இவ்விதியாக உருவெடுத்தது.

மாணவ நண்பர்களே! ஸ்மித் சர்வகலாசாலைப் பேராசிரியரல்லர். அரசாங்க ஆராய்ச்சிசாலையும் அவருக்கில்லை. பல் வைத்தியம் போக எஞ்சிய காலத்தில் அவர் இதனைச் செய்தார். கருதியது கைகூடாமையால் அவர் தோற்றார் எனச் சிலர் கூறலாம். நாம் அங்ஙனம் கருதோம். புள்ளலூரில் உயிர்களைக் குடித்த தீயின் மேல் தானியத்தையும் மருந்தையும் ஏற்றிவைத்துப் பார்த்த கை அவருடையது. அடுத்த தீபாவளியில் நூம்பலின் வானில் வாணம் எழும்போது, அதன் தழலை மட்டுமன்றி, அதன் தலையில் வெறுமையாய் இருக்கும் இடத்தையும் நோக்குவோமாக.