வேப்பிலை அம்மனைப் பிக்குணி என்ற பண்டிதர்

ஆடி பிறந்தால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருவுக்குத் தெரு வேப்பிலைத் தோரணம் கட்டிக் கூழ் ஊற்றுகிறோம். அந்த அம்மன், அம்மை கண்டவர்களுக்கு வேப்பிலையால் வைத்தியம் பார்த்த பௌத்தப் பிக்குணி என்று நூறாண்டுக்கு முன்பே எழுதியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரை வீட்டில் பட்லர். திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரை கைக்குச் சேர்த்தவர் அவர்தான். சேரியில் ஏடு ஏது என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், நம் மக்களைச் சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் விடவேண்டும் என்று பண்டிதர் கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. மனு எழுதிப் பயனில்லை என்பது அங்கே அவருக்கு விளங்கியிருக்கும்.

1898இல் ஆல்காட் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19 புதன்கிழமை ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருக்கிறது, கூலிக்காரரும் வாங்கலாம்.

மேல்சாதியார் சிறுதெய்வம் என்று தள்ளிய அம்மனை அவர் வேறு கண்ணால் பார்த்தார். அம்பிகை அரச குலத்தில் பிறந்து துறவு பூண்டவர், நோய் தீர்த்தவர், ஆத்திசூடி முதலிய நீதி வாசகங்களைத் தந்த ஔவையும் அவரே என்றார். ஆய்வாளர் எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஏற்காவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். தேரவாத நாடுகளில் பிக்குணி சங்கம் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்த காலம் அது. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பெண் துறவியை வைத்தியராகவும் ஆசிரியராகவும் நம் தெருக்களின் நடுவே நிறுத்தினார். அவரே சித்த வைத்தியர். நாடி பிடித்த கைதான் எழுதியது.

1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். பிறகு கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அவருடைய நூல்களை மாரிக்குப்பத்தில் அச்சிட்டார்கள். அம்பிகை வரலாறும் அப்படித்தான் நம் கைக்கு வந்தது.