ஏடு காத்த பெரிய ஜீயர்

தென்பாண்டி நாட்டில், தாமிரபரணிக் கரையில், நம்மாழ்வார் திருவவதார ஸ்தலமாம் ஆழ்வார்திருநகரியில், 1370ஆம் ஆண்டு ஸாதாரண வருஷம் ஐப்பசித் திருமூலத்தன்று திருவவதரித்தார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். பின்னாளில் மணவாள மாமுனிகள் என்றும் பெரிய ஜீயர் என்றும் உலகம் போற்றியது இம்மஹானையே. திருத்தகப்பனார் திகழக்கிடந்தான் திருநாவீறுடையபிரான் தாதரண்ணர். இளமை, தாய்வழிப் பாட்டனார் ஊராகிய சிக்கில் கிடாரத்தில் கழிந்தது.

அக்காலம் ஸம்ப்ரதாயத்திற்குச் சோதனைக் காலம். 1323ஆம் ஆண்டுக் கலாபத்தில் திருவரங்கம் விட்டு எழுந்தருளிய நம்பெருமாள் மீண்டு வந்தது 1371இல்தான். நம்மாழ்வாரும் தம் திருநகரியை விட்டு வெளியே எழுந்தருளியிருக்க, ஊர் காடாயிற்று. அக்காட்டைத் திருத்தி மறுபடியும் ஊராக்கி, ஆழ்வாரை எழுந்தருளப்பண்ணியவர் திருவாய்மொழிப்பிள்ளை. அவருடைய திருவடிகளையே நாயனார் ஆசார்யராகப் பற்றினார்.

அவரிடம் பெற்ற பெருஞ்செல்வம் ஈடு முப்பத்தாறாயிரப்படி. திருவரங்கத்தில் நம்பிள்ளை ஸாதித்த திருவாய்மொழிப் பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் கேட்டு இரவில் ஏடுபடுத்தியது அது. நம்பிள்ளை அந்த ஏட்டை வாங்கி ஈயுண்ணி மாதவரிடம் ஒப்படைத்தார். தந்தையிடமிருந்து மைந்தருக்கும், ஆசார்யரிடமிருந்து சீடருக்குமாக, ஒற்றை இழைபோல் அது நாலூராச்சான் பிள்ளை வரை வந்து, அவரிடமிருந்து திருவாய்மொழிப்பிள்ளைக்குக் கிடைத்தது. நடுவில் ஒருவர் சோர்ந்திருந்தாலும் இன்று நமக்கு ஈடு இல்லை.

ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை ஓதி, அதன்பின் அருளிச்செயலையே பொழுதுபோக்காகக் கொள்ளவேணும் என்பது பிள்ளையின் நியமனம். அதைத் தலைமேற்கொண்டு நாயனார் திருவரங்கம் எழுந்தருளி, ஸந்நியாஸாச்ரமம் ஏற்றார். கலாபத்தில் சிதறிக்கிடந்த பூர்வாசார்ய க்ரந்தங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்; சிதிலமானவற்றைப் படியெடுப்பித்தார், தாமும் எழுதினார். ஈட்டில் வரும் மேற்கோள்கள் எந்நூலில் உள்ளவை என்று ஆராய்ந்து ப்ரமாணத் திரட்டும் தொகுத்தருளினார். எழுதுவோர் பலர், பிறர் எழுதியதைக் காப்போர் சிலரே.

பெரியவாச்சான் பிள்ளையின் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானம் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. குறைந்த இடத்திற்கு மட்டும் மாமுனிகள் உரை எழுதி, பிள்ளையின் சொல் எங்கே கிடைத்ததோ அங்கே தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார். முழுவதும் தாமே எழுதும் வன்மை அவருக்கு இல்லாமலா?

உபதேச ரத்தினமாலை அன்பர்கள் அறிந்ததே. ஆழ்வார்களின் திருநக்ஷத்திரமும் அவதார ஸ்தலமும், திருவாய்மொழிக்கு உண்டான ஐந்து வ்யாக்யானங்களும் அவற்றை அருளியவர்களும், ஈடு கைமாறி வந்த வரலாறும் எழுபத்துமூன்று பாசுரங்களில் அடங்கியுள்ளன. நூல்களைப் பற்றியே ஒரு நூல்! திருவாய்மொழி நூற்றந்தாதியில் ஒவ்வொரு திருவாய்மொழியின் ஸாரத்தையும் ஒவ்வொரு வெண்பாவில் வடித்தார்.

அவரைச் சூழ்ந்திருந்த கோஷ்டியும் ஸாமான்யமன்று. வானமாமலை பொன்னடிக்கால் ஜீயர், கோயில் கந்தாடை அண்ணன், திருவேங்கடமுடையான் ஸுப்ரபாதம் அருளிய ப்ரதிவாதி பயங்கரம் அண்ணன், ஜீயருடைய அன்றாட அனுஷ்டானத்தை தினசர்யை என்று ஸம்ஸ்க்ருத ச்லோகங்களாக்கிய எறும்பியப்பா முதலானோர் அதில் அடங்குவர்.

1432ஆம் ஆண்டு பரீதாபி வருஷத்தில், நம்பெருமாள் திருமுன்பே பெரிய திருமண்டபத்தில் ஈட்டைக் காலக்ஷேபமாக ஸாதிக்கத் தொடங்கினார். மற்றை உத்ஸவங்களை நிறுத்திவைத்துப் பெருமாளே சுமார் பத்து மாதம் கேட்டருளினார் என்பர். 1433 ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறை. அன்று ஒரு சிறு பாலகன் கோஷ்டி நடுவே வந்து ஜீயருடைய தனியனைச் சொல்லி மறைந்தான் என்றும், அவன் அரங்கனே என்றும் குருபரம்பரை கூறும். அருளிச்செயல் கோஷ்டிகளில் இன்றும் தொடக்கத்தில் ஸேவிக்கப்படுவது அத்தனியனே.

முதுமையில் உடல் தளர்ந்து சாய்ந்திருந்தபடியே ஆசார்ய ஹ்ருதயத்திற்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். இவ்வளவு சிரமம் எதற்கு என்று சீடர் வருந்த, உம்முடைய பேரன்மாருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்குமாக என்று விடையருளினாராம். 1444ஆம் ஆண்டு ருதிரோத்காரி வருஷம் மாசி க்ருஷ்ண த்வாதசியன்று திருநாடு அலங்கரித்தார். ஆண்டுதோறும் அந்நாளில் தம் ஆசார்யனுக்குச் சீடன் செய்யும் தீர்த்த கைங்கர்யத்தை நம்பெருமாளே நடத்திவைக்கிறார்.