வாத்துக்கு ஊசி வந்த கதை – லூயி பாஸ்டர்

லூயி பாஸ்டர்னா பாலைச் சூடுபடுத்திக் கெடாம வைக்கச் சொன்னவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போன ஐப்பசியில் எங்க வீட்டு வாத்து 11 மூணே நாளில் செத்துப்போச்சு. சாயங்காலம் நல்லா மேய்ஞ்சு வந்தது, விடிஞ்சு பார்த்தா பட்டியில் கிடந்தது. முட்டை வித்த காசில்தான் எனக்கு நோட்டு, பேனா எல்லாம். கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு வாத்துக் காலரா என்றார். அந்தக் கிருமிக்குப் பாஸ்டுரெல்லா என்று பாஸ்டர் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸ் நாட்டில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடுபவர். பாஸ்டர் டாக்டருக்குப் படிக்கவில்லை, படித்தது வேதியியல். அவருடைய மூன்று பெண் பிள்ளைகள் சின்ன வயசிலேயே இறந்தார்கள், அதில் இரண்டு பேர் டைபாய்டு காய்ச்சலில். 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதுக்கப்புறம்தான் தடுப்பூசி வேலையே.

1879-ல் கோழிக் காலராவை ஆராய்ந்தார். வாத்துக்கு வருவதும் அதே கிருமிதான். அதைக் கோழிச் சாற்றில் வளர்த்தார் (கோழியைக் கொல்ற கிருமிக்குக் கோழி சூப்!). புதுக் கிருமியை ஊசியில் ஏற்றினால் கோழி செத்தது. ரொம்ப நாள் கிடந்த பழைய கிருமியை ஏற்றினால் சோர்ந்து, பிறகு பிழைத்தது. பிழைத்த கோழிக்குப் புதுக் கிருமியைப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. லீவில் மறந்து வைத்ததால் தற்செயலாக் கிடைச்சதுன்னு கதை சொல்வாங்க. அவர் குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள், அவரும் உதவியாளர் எமில் ரூவும் மாதக்கணக்கில் உழைத்தார்கள் என்கிறார்கள். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

1881-ல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியை ஊர் முன்னாடியே போட்டுக் காட்டினார். 1885-ல் வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டர் அவர் ஊசியால் பிழைத்தான். 1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் இறந்தார்.

நோய் வந்தபிறகு தடுப்பூசி போட்டுப் பிரயோஜனம் இல்லையாம், நல்லா இருக்கும்போதே போடணும். அப்பாவுக்கு இது தெரியாது. முன்னாடியே கேட்டிருக்கலாம்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. இந்தத் தடவை வாங்கின குஞ்சுகளுக்கு டாக்டர் ஊசி போட்டாச்சு. நான்தான் ஒவ்வொண்ணா இறக்கையை அமுக்கிப் பிடிச்சேன். ஒண்ணு என் பாவாடை முழுக்கக் கழிஞ்சு வச்சிடுச்சு.