கமக்காரரிடம் பாடங்கேட்ட விஞ்ஞானி

எருக்குழியின் அருகே செல்ல நேர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து அப்பாற் செல்வதே கற்றோர் பலரின் வழக்கம். கேம்பிரிட்ஜிற் பயின்று, இந்திய அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த ஆங்கிலேயர் ஒருவரோ தம் வாழ்நாளின் கனிந்த ஆண்டுகளை அத்தகைய குழிகளின் ஓரத்திலே கழித்தார். அவர் பெயர் சேர் அல்பேட் ஹவாட். உதிர்ந்த இலையும் உலர்ந்த தண்டும் எவ்வாறு எளிதில் அழியாத உக்கலாக மாறுகின்றன, அம்மாற்றம் செவ்வனே நிகழ எவற்றை எவ்வளவு சேர்த்தல் வேண்டும் என்பவற்றை, எந்தக் கமக்காரனும் செய்துபார்க்கக்கூடிய ஒரு முறையாக வகுத்தளித்தவர் அவரே.

நான் பல்லாண்டுகள் மாணாக்கர்க்கு விஞ்ஞானம் கற்பித்தவன். பெரும் விஞ்ஞானிகளின் வரலாறுகளை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் ஹவாட்டின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லி வந்தேன். அதற்குக் காரணம் உண்டு. தமக்கு வாய்த்த பேராசிரியர்கள் இந்தியக் கமக்காரரும் பயிரைத் தின்னும் பூச்சிகளுமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விஞ்ஞானி, நான் அறிந்தவரை, இவர் ஒருவரே.

இளமையும் கல்வியும்

ஹவாட் 1873 ஆம் ஆண்டு டிசெம்பர் 8 ஆந் திகதி, இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஒரு கமக்காரர். ஏரும் மாடும் கண்டு வளர்ந்த பிள்ளை, இலண்டன் றோயல் விஞ்ஞானக் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் சென் ஜோன்ஸ் கல்லூரியிலும் கற்றுத் தேறினார். 1899 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, கரும்பு முதலிய பயிர்களைத் தாக்கும் பங்கசு நோய்களை ஆராய்ந்தார். நுணுக்குக்காட்டியின் முன்னிருந்து நோயை ஆராய்ந்தவருக்கு ஒரு குறை உறுத்தியது. பிறருக்கு ஆலோசனை கூறும் தாம், அதைச் செய்து பார்க்கத் தமக்கென ஒரு துண்டு நிலமேனும் இல்லாதவராய் இருந்தார். ஏட்டறிவுக்கும் வயலுக்கும் இடையே கிடந்த இந்த இடைவெளியைக் கடப்பதே அவருடைய வாழ்வின் நோக்கமாயிற்று.

பூசாவில் ஒரு மாணாக்கர்

1905 இல் இந்திய அரசாங்கத்தின் தாவரவியல் அறிஞராகப் பீகாரிலுள்ள பூசாவுக்கு வந்தார். அவ்வாண்டிலேயே கபிரியேல் மத்தாய் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையார் கணவரின் நிழலில் நின்றவரல்லர். ஒளித்தொகுப்பு பற்றிக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து பெயர்பெற்ற தாவரவியலறிஞர். 1913 இல் அவரும் அரசாங்கத் தாவரவியல் அறிஞராக நியமிக்கப்பட்டார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசாக் கோதுமை இனங்கள் வட இந்தியாவெங்கும் பரவின.

பூசாவில் ஹவாட்டுக்கு 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. அயலிலிருந்த கமக்காரரின் வயல்களை அவர் கவனித்தார். அங்கே இரசாயன மருந்துகள் இல்லை; ஆயினும் பயிர்கள் பெரும்பாலும் நோயின்றி வளர்ந்தன. இது எவ்வாறு இயலுகின்றது? அவர்களைத் திருத்த வந்தவர், அவர்கள் செய்வதைப் பார்த்துத் தாமும் செய்யத் தொடங்கினார். நோய் என்பது பகைவனன்று, மண்ணின் குறையைச் சுட்டிக்காட்டும் கண்காணிப்பாளன் என்ற எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது.

ஆயின் பூசாவில் இந்த எண்ணத்தை முழுமையாகப் பின்பற்ற வழியில்லை. பூச்சியியல், பங்கசியல், இரசாயனம், தாவரவியல் என்று தனித்தனிப் பிரிவுகள். ஒரு பயிரை முழுமையாக நோக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆகவே தம் விருப்பப்படி இயங்கும் நிலையமொன்றை நிறுவுவதற்கு ஹவாட் தம்பதிகள் பல ஆண்டுகள் உழைத்தனர். 1924 இல் மத்திய இந்தியாவிலுள்ள இந்தூரில், பருத்தி ஆராய்ச்சிக்கென அமைந்த தாவரத்தொழில் நிலையம் அவர் தலைமையில் உருவாயிற்று.

இந்தூர்க் குழிகள்

பருத்திக்குப் பெயர்பெற்ற கரிசல் நிலம் அது. அறுவடைக்குப் பின் எஞ்சும் பருத்தித் தண்டும் துவரைத் தண்டும் கட்டைபோல் வன்மையானவை, எளிதில் உக்கமாட்டா. சாணத்தின் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. மாட்டின் சிறுநீரோ நிலத்தில் ஊறி வீணாயிற்று. இம்மூன்று வீண்பொருள்களையும் ஒருங்கு சேர்ப்பதே ஹவாட் கண்ட வழி.

இவ்வெண்ணம் வெறுவெளியிலிருந்து தோன்றியதன்று. சீனா, கொரியா, யப்பான் நாடுகளின் கமத்தொழிலைப் பற்றி அமெரிக்க அறிஞர் கிங் என்பாரின் நூல் 1911 இல் வெளிவந்திருந்தது. நாற்பது நூற்றாண்டுகளாக மண்ணின் வளம் குன்றாதவாறு கீழைத்தேயத்தார் கழிவுகளை எருவாக்கிய கதை அது. 1921 இல் இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் நிலையத்து ஆய்வாளர் இருவர், நைதரசன் உப்புகளைச் சேர்த்தால் வைக்கோலும் தொழுவெரு போல் உக்கும் என்று காட்டியிருந்தனர். கீழைத்தேயத்தின் பழக்கத்தையும் மேலைத்தேயத்தின் அளவுகோலையும் இணைத்தவர் ஹவாட். அவருக்குத் துணைநின்ற இந்திய இரசாயன அறிஞர் யசுவந்த் வாட் என்பாரின் பெயரையும் நாம் மறத்தலாகாது.

வன்மையான தண்டுகளைப் பண்ணைப் பாதைகளிற் பரப்பினர். வண்டிச் சக்கரங்கள் ஏறியிறங்கி அவற்றை நொறுக்கின. நொறுங்கியவை மாட்டுத் தொழுவத்திற் படுக்கையாயின. சாணமும் சிறுநீரும் அவற்றில் ஊறின. பின்னர் 30 அடி நீளமும் 14 அடி அகலமும் 2 முதல் 3 அடி ஆழமும் உள்ள குழிகளில் அவற்றைப் படைபடையாகப் பரப்பி, சாணம், தொழுவத்துச் சிறுநீர் ஊறிய மண், விறகுச் சாம்பல் என்பவற்றைத் தூவி, நீர் தெளித்தனர். 16 ஆம் நாளிலும் 30 ஆம் நாளிலும் 60 ஆம் நாளிலும் புரட்டினர். 90 நாளிற் கரிய, நொறுங்கும், மண்மணங் கமழும் கூட்டெரு கிடைத்தது. மழைகாலத்திற் குழியில் நீர் தேங்குமாதலால் நிலத்தின் மேலேயே குவியலாக அமைத்தனர்.

சேர்மானத்தின் இரகசியம்

குப்பையைக் குவித்துவிட்டாற் போதாதா, இத்தனை சேர்மானம் எதற்கு என்று மாணாக்கர் என்னைக் கேட்பதுண்டு. இதற்கு விடை அளவில் இருக்கின்றது. உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் காபனை உண்டு சக்தி பெறுகின்றன. தம் உடலை அமைக்க நைதரசனை நாடுகின்றன. காய்ந்த தண்டில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதை அப்படியே வயலில் இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைப் பறித்துக்கொள்ளும். பயிர் மஞ்சளித்து வாடும். நைதரசன் மிஞ்சினாலோ அமோனியாவாக மாறிக் காற்றிற் கலந்துவிடும். 33 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் என்ற விகிதத்தில் தொடங்குதல் தகும் என்று இந்தூரிற் கண்டனர். முதிர்ந்த கூட்டெருவில் அது ஏறக்குறைய 10 க்கு 1 என்றாகிறது. இடைப்பட்ட காபனின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாக வெளியேறிவிடுகின்றது.

சாணமும் சிறுநீரும் நைதரசனைத் தந்தன. சாம்பல் உக்கும்போது பிறக்கும் அமிலத்தைத் தணித்தது. மண் ஈரத்தையும் அமோனியாவையும் பற்றிக்கொண்டது. புரட்டுதல் ஒட்சிசனைக் கொடுத்தது. முதற் கிழமைகளிற் குழியின் வெப்பம் 65 பாகை செல்சியசு வரை ஏறும். என் மாணாக்கருடன் நான் அமைத்த சிறு குவியலில் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டபோது, அதன் சூட்டைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர். நெருப்பின்றி எரியும் அடுப்பு அது.

முதலில் வெல்லங்களும் மாப்பொருளும், பின்னர் செலுலோசும் உண்ணப்படுகின்றன. தண்டுக்கு வன்மை தரும் இலிகினின் மெல்லமெல்லவே சிதைகின்றது. அதன் சிதைவுகள் ஒட்சியேறி, நுண்ணுயிர்களின் புரத எச்சங்களோடு பிணைந்து, எளிதில் அழியாத கரிய உக்கற் பொருள்களாகின்றன என்பது நெடுங்காலக் கொள்கை. உக்கலை நிலைக்கச் செய்வது அதன் மூலக்கூற்றமைப்பு மட்டுமன்று, களிமண் துணிக்கைகளோடு அது கொள்ளும் பிணைப்புமே என்று இக்கால ஆய்வாளர் வற்புறுத்துகின்றனர். காரக் கரைசலால் பிரித்தெடுக்கப்படும் உக்கல் அமிலங்கள் மண்ணில் அவ்வடிவில் உள்ளனவா என்ற வினாவை 2015 இல் லேமன், கிளேபர் என்னும் இருவர் நேச்சர் ஆய்விதழில் வலுவாக எழுப்பினர். இவ்விவாதம் எப்படி முடியினும், படைகளுக்கிடையே மண்ணைத் தூவிய ஹவாட்டின் செயல் புதிய பொருள் பெறுகின்றது.

புகழும் பிணக்கும்

1930 இல் கபிரியேல் அம்மையார் காலமானார். மறு ஆண்டில் ஹவாட் இந்தியாவை விட்டு நீங்கினார். கபிரியேலின் தங்கையாரான லூயிசை மணந்தார். வாட்டுடன் சேர்ந்து எழுதிய, கமத்தொழிற் கழிவுகளை உக்கலாக்குதல் பற்றிய நூல் 1931 இலேயே வெளிவந்தது. 1934 இல் சேர் பட்டம் கிடைத்தது. இந்தூர் முறை கென்யாவின் கோப்பித் தோட்டங்களுக்கும் திருவிதாங்கூரின் கண்ணன் தேவன் மலைகளுக்கும் சென்றது. 1937–38 இல் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களை அவரே நேரிற் சென்று பார்வையிட்டார். 1940 இல் அவருடைய கமத்தொழில் மரபுரிமை நூல் வெளிவந்தது. இயற்கைக் கமத்தொழில் இயக்கத்துக்கு அது வேதமாயிற்று.

முதுமையில் அவர் சொல் கடுமையாயிற்று. உக்கலில் வளர்ந்த பயிரை நோய் அணுகாது, அதை உண்ட மாட்டையும் மனிதரையும் அணுகாது என்றளவுக்குச் சென்றார். செயற்கைப் பசளையை முற்றாக வெறுத்தார். றொதாம்ஸ்ரெட்டின் புரோட்போக் வயலிலோ, 1843 முதல் இரசாயனப் பசளை மட்டுமே பெற்ற பாத்திகளும் இன்றுவரை நல்ல விளைச்சல் தருகின்றன. அதே வயலில் தொழுவெரு பெற்ற பாத்திகளின் மண்ணில் காபன் வெகுவாக உயர்ந்ததும் உண்மை. இரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்கும் பொறுமை அவரிடம் இருக்கவில்லை. பெரியாரின் குறையையும் கூறுவதே வரலாற்றுக்கு அழகு.

நமக்குரிய பாடம்

1947 ஒக்ரோபர் 20 ஆந் திகதி ஹவாட் மறைந்தார். அதற்கு எழுபத்து நான்கு ஆண்டுகளின் பின், 2021 மே மாதத்தில், நம் நாட்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. நெல்லும் தேயிலையும் வீழ்ச்சியுற, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இயற்கைப் பசளையின் பெயரால் நடந்தது அது. எனினும் ஹவாட்டின் முறைக்கு அது முற்றிலும் மாறானது. கணக்கைப் பார்ப்போம்: 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுள்ள கூட்டெருவில் அதே அளவைப் பெற 4,600 கிலோ வேண்டும். அதுவும் மெல்லமெல்லவே பயிருக்குக் கிட்டும். குழியும் மாடும் குப்பையும் கைகளும் காலமும் முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கட்டளையால் உக்கல் உண்டாகாது.

ஹவாட்டின் வாழ்வு இதைத்தான் கற்பிக்கின்றது. இந்தூர் முறையை வெளியிடுமுன் அவர் இந்திய மண்ணிற் செலவிட்டவை இருபத்தாறு ஆண்டுகள். தமக்குத் தெரியாததைக் கமக்காரரிடம் கேட்டார், கேட்டதை அளந்தார், அளந்ததை மீண்டும் கமக்காரரிடமே ஒப்படைத்தார். நம் வளவுகளில் இன்றும் மாலைதோறும் சருகு கூட்டி எரிக்கின்றோம். எரிவது நம் மண்ணின் நாளைய உணவு என்பதை ஆசிரியரும் மாணாக்கரும் அறிவாராயின், பாடசாலை வளவின் ஒரு மூலையில் ஒரு குழியேனும் தோன்றும். அதுவே அப்பெரியாருக்கு நாம் எடுக்கும் நினைவுச் சின்னமாகும்.